சென்னை மக்கள் பூங்காவும் நகரத்தின் திறந்தவெளிகளும்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, புறநகர் மின்தொடர்கள் நின்று செல்லும் நிலையத்துக்குப் பூங்கா நிலையம் என்று பெயர். அருகிலுள்ள பறக்கும் ரயில் நிலையம் பூங்கா நகர் எனப்படுகிறது. அப்பகுதியின் அஞ்சல் முகவரியும் பூங்கா நகர்தான். ஆனால் நிலையத்தை விட்டு வெளியே வருபவர் பார்ப்பது மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, விக்டோரியா பொதுக்கூடம், மெட்ரோ நிலையம், சற்றுத் தள்ளி நேரு விளையாட்டரங்கம் ஆகியவற்றையே. இத்தனை பெயர்களுக்கும் காரணமான பூங்காவை மட்டும் காண முடிவதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் கோம்பையிலிருந்து பள்ளிச் சுற்றுலாவாகச் சென்னைக்குச் சென்றபோது, அந்நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படித்த மாணவன் ஒருவன், "சார், பூங்கா எங்கே?" என்று கேட்டான். இக்கட்டுரையாளரால் அன்று விடை சொல்ல இயலவில்லை. 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கே நேரடி ரயில் ஓடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து செல்வோர் பலர் இனி முதலில் கால் வைக்கும் இடம் அதுவே. ஆகவே அந்த மாணவனின் கேள்விக்கு உரிய விடையை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

பழந்தமிழ் நகரங்களில் சோலைகள்

நகரத்தில் பொழுதுபோக்குவதற்கென்று தனியிடம் வைப்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த வழக்கம் என்று கருதுவோர் உண்டு. அது முழு உண்மையன்று. காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் இந்திர விழாவை ஒட்டிக் கடலாடச் சென்றதைச் சிலப்பதிகாரம் விரிவாகக் கூறுகிறது. கடற்கரையே அந்நகரத்தின் பெரிய பொதுவெளியாக இருந்தது என்பதை அதிலிருந்து அறியலாம்.

மணிமேகலைக் காப்பியம் அதே நகரத்தின் சோலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறது. இலவந்திகை, உய்யானம், சம்பாபதி வனம், கவேர வனம், உவவனம் என்பவை அவை. மணிமேகலை மலர் பறிக்கச் செல்லத் தகுந்த இடம் எது என்பதை அவளுடைய தோழி சுதமதி ஆராய்கிறாள். இலவந்திகை அரசனைச் சார்ந்தோர் இருக்குமிடம் என்பதால் அவள் அதை விலக்குகிறாள். மற்றவற்றையும் வெவ்வேறு காரணங்களால் விலக்கி, இறுதியில் உவவனத்தைத் தேர்ந்தெடுக்கிறாள்.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நகரத்தில் சோலைகள் எத்தனை இருந்தாலும், யார் எதற்குள் நுழையலாம் என்ற கேள்வி அன்றே இருந்திருக்கிறது. சென்னைப் பூங்காக்களின் வரலாறு முழுவதும் இக்கேள்வி தொடர்ந்து வருவதைக் காணலாம்.

மக்கள் பூங்கா தோன்றுதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னையில் தோட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் வாழ்ந்த தோட்ட வீடுகளுக்குள் இருந்தன. 1835 இல் தாவரவியலாளர் இராபர்ட் வைட் முயற்சியில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டமும் சங்கத்தாருக்கு உரியதாகவே இருந்தது. இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் பழைய நகரத்தில் நெருக்கியடித்து வாழ்ந்த மக்களுக்கு, மாலையில் காற்று வாங்கப் போவதற்கு என்று அரசு அமைத்த இடம் ஏதும் இல்லை.

அக்காலத்தில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் காலரா போன்ற நோய்கள் பரவின. மரங்களும் நீரும் உள்ள திறந்தவெளி நகரத்தின் நுரையீரல் போன்றது என்ற கருத்து அங்கு வலுப்பெற்றது. இலண்டனின் கிழக்குப் பகுதி ஏழைகளுக்காக விக்டோரியா பூங்கா 1845 இல் திறக்கப்பட்டது. இலிவர்பூல் அருகே பொதுப்பணத்தில் அமைந்த பர்க்கன்ஹெட் பூங்கா 1847 இல் திறக்கப்பட்டது.

இக்கருத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் 1859 இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் சார்லஸ் டிரெவெலியன். இவர் முன்னர் அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தின்போது இலண்டன் கருவூலத்தில் நிவாரணப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்து, கடுமையான சிக்கனத்துக்காக இன்றளவும் பழிக்கப்படுபவர். அதே மனிதர் சென்னையில் மக்களுக்கென்று ஒரு பூங்காவைத் திட்டமிட்டார். வரலாறு ஒரு மனிதரை ஒரே நிறத்தில் காட்டுவதில்லை என்பதற்கு இவர் ஓர் எடுத்துக்காட்டு.

பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வடக்கே 116 ஏக்கர் நிலம் இதற்கென ஒதுக்கப்பட்டது. அதில் 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளமுள்ள வண்டிப் பாதைகள், வாத்தியக் குழுவினர் வாசிக்க ஒரு மேடை, குளிக்குமிடம், விலங்குக் காட்சிச்சாலை ஆகியன அமைந்தன. இதற்குச் சூட்டப்பட்ட பெயர் குறிப்பிடத்தக்கது. அரசியின் பெயரோ ஆளுநரின் பெயரோ இடாமல் மக்கள் பூங்கா என்றே அழைத்தனர். மக்கள் நாவில் அது 'பீப்பிள்ஸ் பார்க்' ஆயிற்று.

டிரெவெலியன் இப்பூங்கா முழுமை பெறுவதைப் பதவியில் இருந்து பார்க்கவில்லை. நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த வருமான வரி உள்ளிட்ட திட்டங்களை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். அதனால் 1860 இல் திரும்ப அழைக்கப்பட்டார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட நீரூற்று விக்டோரியா பொதுக்கூட வளாகத்தில் இன்றும் உள்ளது. பூங்கா போன பிறகும் அதை உருவாக்கியவரின் நினைவுச் சின்னம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

உயிர் காலேஜ்

மக்கள் பூங்காவைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தது விலங்குக் காட்சிச்சாலையே ஆகும். அது பூங்காவுக்கு முன்பே பிறந்தது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், உயிருள்ள விலங்குகளை வைத்தபோது பார்வையாளர் கூட்டம் பெருகுவதைக் கண்டார். ஆர்க்காட்டு நவாபின் சேகரிப்பில் இருந்த விலங்குகளைப் பெற்று, 1855 இல் அருங்காட்சியக வளாகத்திலேயே காட்சிச்சாலை தொடங்கினார். மறு ஆண்டுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்துவிட்டன. இடம் போதாமையால் 1860களில் அது மக்கள் பூங்காவுக்கு மாறி, நகராட்சியின் பொறுப்பில் வந்தது.

சென்னை மக்கள் இவ்விரண்டுக்கும் தாமே பெயர் வைத்துக்கொண்டனர். பாடம் செய்த உடல்களும் எலும்புக்கூடுகளும் உள்ள அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்' ஆயிற்று. புலியும் கரடியும் உலவும் காட்சிச்சாலை 'உயிர் காலேஜ்' ஆயிற்று. பள்ளிக்கூடப் படியையே மிதிக்காதவர்களும் போய்வந்த கல்லூரிகள் இவை. ஒரு பொது இடத்துக்கு மக்கள் தாமாகப் பெயர் வைத்தால், அதைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள்.

1886 தீ விபத்து

ஆண்டு இறுதியில் மக்கள் பூங்காவில் பெரிய கண்காட்சிச் சந்தை நடைபெறும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கடைகளும் வேடிக்கைகளும் நிறைந்த அச்சந்தைக்கு நகரத்தின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் குடும்பத்தோடு வருவர். 1886 டிசம்பர் 31 அன்று அங்கே தீப்பற்றியது. ஓலையாலும் மூங்கிலாலும் அமைந்த கொட்டகைகள் விரைந்து எரிந்தன. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் மிகுதி. சென்னை நகரம் கண்ட மிகக் கொடிய தீ விபத்துகளுள் இதுவும் ஒன்று.

மகிழ்ச்சிக்காகக் கூடும் இடத்தில் பாதுகாப்பு ஏற்பாடுகள் எத்துணை இன்றியமையாதவை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. மக்கள் இவ்வளவு திரளாகக் கூடும் இடமாக அப்பூங்கா அன்று விளங்கியது என்பதற்கும் இத்துயரமே சான்றாகிறது.

பூங்கா கரைந்த விதம்

மக்கள் பூங்கா ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. யாரும் அதை அழிக்க வேண்டும் என்று தீர்மானம் போடவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரியத்துக்காக ஒரு துண்டு நிலம் எடுக்கப்பட்டது.

முதலில் நகருக்கு ஒரு பொதுக்கூடம் வேண்டும் என்றனர். 1883 இல் விசயநகரத்து மன்னர் ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். பூங்கா நிலத்தில் 57 கிரவுண்டு 99 ஆண்டுக் குத்தகைக்கு அளிக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் சிசம் வரைய, நம்பெருமாள் செட்டி கட்ட, விக்டோரியா பொதுக்கூடம் 1890 வாக்கில் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் நடந்த அரங்கம் அது. தமிழ் நாடகத்துக்கு அது செய்த தொண்டை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

அடுத்து, நெருக்கடியான பழைய அங்காடிக்கு மாற்றாக ஒரு நல்ல சந்தை வேண்டும் என்றனர். 1898 இல் அடிக்கல் இட்டு 1900 இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற அச்சந்தையால் படித்து முன்னேறிய ஏழை மாணவர்கள் பலர்.

பின்னர் மாநகராட்சிக்கே ஒரு தலைமையகம் வேண்டும் என்றனர். 1909 இல் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்ட, லோகநாத முதலியார் கட்டிய ரிப்பன் மாளிகை 1913 இல் திறக்கப்பட்டது. பூங்காவைக் காக்க வேண்டிய அமைப்பு, பூங்கா நிலத்திலேயே தன் அலுவலகத்தைக் கட்டிக்கொண்டது.

அதன் பிறகு விளையாட்டரங்கம் வந்தது. 1956 முதல் 1965 வரை கிரிக்கெட் டெஸ்ட் போட்டிகள் அங்கு நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க ஆட்டக்காரர்களாக 413 ஓட்டங்கள் சேர்த்தது இங்குதான். அச்சாதனை 2008 வரை உலகில் முறியடிக்கப்படவில்லை. 1993 இல் அவ்விடத்தில் இன்றைய நேரு விளையாட்டரங்கம் புதிதாகக் கட்டப்பட்டது.

1985 ஆம் ஆண்டு இப்பகுதியின் வரலாற்றில் ஒரு முடிவுரை போன்றது. அவ்வாண்டு மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. மூர் மார்க்கெட் வளாகம் என்ற பெயர் மட்டும் அதற்கு ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் உயிர் காலேஜ் வண்டலூருக்கு இடம்பெயர்ந்து அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விரிந்தது. கூண்டுகளில் அடைபட்டிருந்த விலங்குகளுக்கு அது நன்மையே. ஆனால் வடசென்னையிலிருந்து நடந்தே போய்வந்த குடும்பங்களுக்கு, காட்சிச்சாலை 30 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்விட்டது.

116 ஏக்கரில் பூங்காவாக எஞ்சியவை, ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் உள்ள 'மை லேடீஸ் பார்க்' போன்ற சிறு துண்டுகளே. அரங்கம், சந்தை, அலுவலகம், விளையாட்டு, ரயில் ஆகியவற்றில் எதுவும் தீய நோக்கம் உடையதன்று. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருந்தது ஒரே எண்ணம்தான். கட்டடம் இல்லாத நிலம் சும்மா கிடக்கும் நிலம் என்பதே அந்த எண்ணம்.

கடற்கரை

நிலம் சுருங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் கடல் சென்னைக்கு ஒரு கொடை தந்தது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டுத் துறைமுகத்துக்குத் தெற்கே ஆண்டுதோறும் படிந்தது. அதனால் கடற்கரை அகன்றது. இதே தடையால் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வரத்துக் குறைந்து கடல் நிலத்தை அரித்தது. தெற்கே உள்ளோர் உலாவ இடம் பெற்றபோது, வடக்கே உள்ள மீனவர் தம் கரையை இழந்தனர் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884 இல் கடலோர நடைபாதையை அமைத்தார். சிசிலித் தீவில் தாம் கண்ட கடற்கரையின் நினைவாக அதற்கு மெரினா என்று பெயரிட்டார். 1909 இல் அங்கு மீன் காட்சிச்சாலை தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்தகையவற்றுள் அதுவே முதலாவது.

காற்று வாங்குவதற்காக அமைத்த இடம் விரைவில் கருத்துச் சொல்லும் இடமாகவும் மாறியது. சுதேசி இயக்கக் காலத்தில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் கூட்டங்கள் நடந்தன. ஒரு பகுதி திலகர் திடல் எனப் பெயர் பெற்றது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 இல் மெரினாவில் நிறுவப்பட்டது. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டதும் இதே மணலில்தான்.

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தபோது, நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த சிறுவர்களும் உயிரிழந்தனர். அந்தத் துயரத்துக்குப் பிறகும் மக்கள் கடற்கரைக்கு வருவதை நிறுத்தவில்லை.

மெரினாவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, பூட்டும் கதவும் இல்லை. சுண்டல் பொட்டலத்தோடு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனாலும் சக்கர நாற்காலியில் வருவோர் மணலைத் தாண்டிக் கடலருகே செல்ல இயலாத நிலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 2022 நவம்பரில் அவர்களுக்காக மரத்தாலான நிரந்தரப் பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. பின்னர் அது சீர்செய்யப்பட்டது. கடலை முதன்முறையாக அருகில் கண்ட முதியோரின் மகிழ்ச்சி, பொதுவெளி என்ற சொல்லுக்கு முழுப்பொருள் தந்தது எனலாம்.

பேட்டைப் பூங்காக்கள்

பெரிய பூங்கா கரைந்தாலும், பேட்டைகளில் சிறு பூங்காக்கள் தோன்றின. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரால் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பூங்கா அமைந்தது. பிற்காலத்தில் அது மே தினப் பூங்கா எனப் பெயர் மாற்றம் பெற்றது. இராயபுரத்தில் இராபின்சன் பூங்கா இருந்தது. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் அங்குதான் நடைபெற்றது. இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா எனப்படுகிறது. உழைக்கும் மக்கள் நிறைந்த வடசென்னையில், வாடகை கொடுத்து மண்டபம் பிடிக்க வசதியில்லாதோர் கூடுவதற்கு ஒரு பூங்கா இருந்தது என்பதை இதில் காண வேண்டும்.

தியாகராய நகரின் கதை வேறு வகையானது. மாம்பலத்தின் நீண்ட ஏரி 1920களில் வற்றவைக்கப்பட்டு, அந்நிலத்தில் புதிய குடியிருப்பு அமைக்கப்பட்டது. அதன் நடுவில் அன்றைய முதலமைச்சர் பனகல் அரசர் பெயரால் பனகல் பூங்காவும், நீதிக்கட்சித் தலைவர் டாக்டர் நடேச முதலியார் பெயரால் நடேசன் பூங்காவும் உருவாயின. ஓர் ஏரியை இழந்து பெற்ற பூங்காக்கள் இவை. மழைக்காலத்தில் அப்பகுதியில் நீர் தேங்கும்போதெல்லாம் பழைய ஏரி தன் இருப்பை நினைவூட்டுகிறது. மயிலாப்பூர் லஸ் பகுதியில், அமிர்தாஞ்சன் நிறுவனரும் விடுதலைப் போராட்ட வீரருமான காசிநாதுனி நாகேசுவர ராவ் பெயரில் ஒரு பூங்கா உள்ளது. ஒலிபெருக்கி இல்லாமல் மரத்தடியில் சிறுவர் சிறுமியர் பாடும் கச்சேரிகளுக்கு அது பெயர்பெற்றது.

விடியற்காலையில் இப்பூங்காக்களுக்குச் சென்று பார்ப்பவர்க்கு நகரத்தின் இன்னொரு முகம் தெரியும். ஓய்வூதியர் செய்தித்தாள் படிப்பார். இல்லத்தரசியர் வேகமாக நடப்பர். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் சிமெண்டு பெஞ்சில் குறிப்பெடுப்பர். பத்துக்குப் பத்து அறையில் நால்வராகத் தங்கி வேலை தேடும் வெளியூர் இளைஞனுக்குப் பூங்காதான் முற்றம், படிப்பறை, திண்ணை எல்லாம். தேனி மாவட்டத்திலிருந்து சென்ற நம் பிள்ளைகள் பலரும் அந்த பெஞ்சுகளில் அமர்ந்தவர்களே.

அண்மைக் காலத்தில் மெட்ரோ ரயில் பணிகள் இப்பூங்காக்களை நாடி வந்தன. மே தினப் பூங்கா வளாகத்திலிருந்து சுரங்கம் தோண்டப்பட்டது. இரண்டாம் கட்டப் பணிக்காகப் பனகல் பூங்காவின் ஒரு பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டது. மெட்ரோ ரயில் நகரத்துக்குத் தேவையானதே. எனினும் பெரிய இயந்திரத்தை இறக்க இடம் தேடும்போது, முதலில் கண்ணில் படுவது பூங்காவாகவே இருக்கிறது.

கிண்டி

சென்னையின் திறந்தவெளிகளில் ஓரளவு தப்பிப் பிழைத்தது கிண்டிக் காடு. ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்திருந்த காட்டின் ஒரு பகுதி 1958 இல் மான் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. அக்காட்டிலிருந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும், காந்தி மண்டபம் முதலிய நினைவிடங்களுக்கும் நிலம் வழங்கப்பட்டது. எஞ்சிய ஏறத்தாழ 270 ஹெக்டேர் 1978 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வெளிமானும் புள்ளிமானும் பெருநகர் நடுவே வாழ்வதற்கு அந்தச் சட்ட அறிவிப்பே காரணம். மக்கள் பூங்காவுக்குக் கிடைக்காத காப்பு கிண்டிக்குக் கிடைத்தது.

சட்டம் தரும் காப்பு

இவ்வேறுபாட்டைப் பெங்களூருவோடு ஒப்பிட்டால் மேலும் தெளிவாகும். அங்கே லால்பாக் ஐதர் அலியால் 1760 இல் தொடங்கப்பட்டது. கப்பன் பூங்கா 1870 இல், அதாவது மக்கள் பூங்காவுக்குப் பத்தாண்டுகள் கழித்துத் தோன்றியது. கப்பன் பூங்காவிலும் கட்டடங்கள் எழுந்தன. ஆயினும் 1975 இல் கருநாடக அரசு பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இன்றும் ஒரு கட்டடம் என்ற பேச்சு எழுந்தால், அச்சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மக்கள் நீதிமன்றம் செல்கின்றனர். நகரின் நடுவே இரு பெரும் பூங்காக்களும் நிலைத்துள்ளன.

தமிழ்நாட்டிலும் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றின் பாதுகாப்புக்கென 1959 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் அதற்குள் மக்கள் பூங்காவின் பெரும்பகுதி போய்விட்டது. மேலும் அச்சட்டத்தை அறிந்தவர் குறைவு. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்கத் தெரிந்த மக்களும் வேண்டும்.

புதிய பூங்காக்களும் கட்டணமும்

இந்நூற்றாண்டில் சென்னையில் பூங்கா அமைக்கும் ஆர்வம் மீண்டும் எழுந்தது. இன்று மாநகராட்சி பராமரிக்கும் சிறிதும் பெரிதுமான பூங்காக்கள் எழுநூறுக்கு மேல் உள்ளன. கத்தீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த இடத்தில், 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. சூழலைக் காக்கும் நோக்கத்தால், முன் அனுமதி பெற்றவர் மட்டுமே நெடுங்காலம் அதனுள் செல்ல முடிந்தது.

2024 அக்டோபரில் கத்தீட்ரல் சாலையிலேயே கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. இசை நீரூற்று, கம்பிவழிப் பயணம் முதலிய ஈர்ப்புகள் அங்கு உண்டு. திறந்தபோது பெரியவர்களுக்கு 100 ரூபாயும் சிறுவர்களுக்கு 50 ரூபாயும் நுழைவுக் கட்டணமாக வைக்கப்பட்டது. இரு குழந்தைகளோடு வரும் கணவன் மனைவிக்கு வாசலிலேயே 300 ரூபாய் ஆகிவிடும். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் நாள்தோறும் போய் உட்காரும் இடமாக அது இருக்க முடியாது, ஆண்டுக்கொரு முறை பார்த்துவரும் இடமாகவே இருக்கும். இலவந்திகைச் சோலை பற்றிச் சுதமதி எழுப்பிய கேள்வி இங்கே புதிய வடிவில் திரும்புகிறது.

இதே 2024 செப்டம்பரில், கிண்டியில் குதிரைப் பந்தய மைதானமாகக் குத்தகையில் இருந்த 160 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதில் 118 ஏக்கரில் பெரிய பசுமைப் பூங்கா அமைக்கப்படும் என்று அறிவித்தது. இது குறித்த வழக்குகளும் எழுந்தன. வெள்ளநீரைத் தாங்க அந்நிலத்தில் குளங்களும் வெட்டப்பட்டன.

116 ஏக்கர், 11 குளங்கள் என்று 1859 இல் தொடங்கிய கதை, ஏறத்தாழ அதே அளவு நிலத்தோடும் குளங்களோடும் மீண்டும் தொடங்குவது வியப்பளிக்கிறது. பழைய பூங்காவுக்கு நேர்ந்தது புதியதற்கும் நேராமல் இருக்க மூன்று காப்புகள் வேண்டும். நிலத்தைப் பூங்காவாகவே நிறுத்தும் சட்டம் முதலாவது. ஏழையும் நாள்தோறும் நுழையும்படி திறந்த வாயில் இரண்டாவது. அது தம்முடையது என்று எண்ணும் மக்கள் மூன்றாவது. முதல் இரண்டும் தளர்ந்தாலும் கேள்வி கேட்பது மூன்றாவதுதான்.

சிற்றூர்களுக்குரிய பாடம்

மலையடிவாரத்தில் வாழும் கோம்பை மக்களுக்குப் பூங்கா எதற்கு என்று கேட்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலை கண்முன் நிற்கிறது, சுருளி அருவி பக்கத்தில் இருக்கிறது, வைகை அணைப் பூங்காவுக்கு ஒரு நாளில் போய் வரலாம். நம் ஊர்களில் மந்தையும் களமும் சாவடியும் கண்மாய்க் கரையும் பூங்காவின் வேலையைச் செய்துவந்தன. பிள்ளைகள் விளையாடியதும் பெரியவர்கள் மாலையில் உட்கார்ந்து பேசியதும் அங்கேதான்.

ஆனால் களத்தில் நெல் காயும் நாள்கள் குறைந்தன. மந்தையில் கட்டடங்கள் முளைத்தன. ஊரைச் சுற்றி வயல்கள் வீட்டுமனைகளாகின்றன. மக்கள் பூங்காவுக்கு நேர்ந்தது, பேரூராட்சி அளவில் நம்மூர்களிலும் நேர்கிறது. அங்கும் கட்டடமில்லாத நிலத்தைச் சும்மா கிடக்கும் நிலமாகவே பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு விதியை அனைவரும் அறிந்திருப்பது நல்லது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைப்பிரிவாக்கும்போது, சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைப் பூங்கா, விளையாட்டிடம் போன்ற திறந்தவெளிக்கென ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த இடம் 'பூங்கா' என்றே குறிக்கப்பட்டிருக்கும். மனை வாங்கும்போது வரைபடத்தில் தம் மனை எண்ணைத் தேடும் நாம், அந்தப் பூங்கா இடம் தரையில் எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அங்கே வேலி இருக்கிறதா, வேறு யாராவது கட்டடம் கட்டுகிறார்களா என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. நான்கு வேப்பங்கன்றுகளும் இரண்டு பெஞ்சுகளும் போட்டுவிட்டால், அந்த இடத்தைப் பிறகு யாரும் காலிமனை என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

"சார், பூங்கா எங்கே?" என்று அன்று கேட்ட மாணவனுக்கு இன்று விடை சொல்லலாம். அரங்கம், சந்தை, அலுவலகம், ரயில் நிலையம் என்று ஒவ்வொன்றாக நல்ல காரணங்கள் சொல்லி அதை எடுத்துக்கொண்டார்கள், தம்பி. கேட்க வேண்டிய நேரத்தில் உன்னைப்போல் யாரும் கேட்கவில்லை.